நீல டிரம் பச்சையானது ஏன்?

வாசகர் கேள்வி: என் தாய்மாமா வாசித்த டிரம் செட் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1960களில் லட்விக் கம்பெனி செய்தது. பேஸ் டிரம், டாம், ஃப்ளோர் டாம், மரத்தாலான ஸ்னேர் என்று நான்கு டிரம்கள். எல்லாமே ப்ளூ ஸ்பார்க்கிள், அதாவது மினுங்கும் நீலம், என்றுதான் மாமா சொல்வார். ஆனால் இன்றைக்கு நீலமாக இருப்பது ஸ்னேர் மட்டும்தான். அது இத்தனை வருஷமும் பெட்டிக்குள் கிடந்தது. ஜன்னலோரம் நின்ற மற்ற மூன்றும் பாசி நிறத்துக்குப் போய்விட்டன. ஃப்ளோர் டாமின் ஒரு பக்கம் வெளுத்தும் போயிருக்கிறது. டாமில் ஒரு லக்கை (தோலை இறுக்கும் திருகைப் பிடிக்கும் உலோகத் துண்டை) கழற்றிப் பார்த்தேன்; அடியில் பளிச்சென்று நீலம். பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், செய்யலாமா? எதுவும் நடக்காது என்றால், ஸ்னேரையும் கொஞ்ச நாள் வெயிலில் வைத்து மற்றவற்றோடு நிறம் சேர்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் நீங்கள் ஸ்னேரைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான். வேண்டாம். அந்த நான்கில் பழைய நிறத்துக்குச் சாட்சியாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான். வெயிலில் வைத்தால் அது கெடும். மற்ற மூன்றோடு சேரவும் சேராது. இரண்டு நிறத்தில் இருக்கும் செட் மூன்று நிறத்தில் ஆகிவிடும்.

ஏன் சேராது என்று புரிந்துகொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். வெயில் ஒரு டிரம்மின் மேல் ஒரே வேலையைச் செய்வதில்லை, இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நிறம் தரும் சாயத்தைச் சிதைக்கிறது, அதுதான் வெளுப்பு. இன்னொன்று, நிறத்துக்கு மேலே இருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கைப் பழுக்க வைக்கிறது, அதுதான் மஞ்சள். இரண்டும் வேறு வேறு பொருளில், வேறு வேறு வேகத்தில் நடக்கின்றன. உங்கள் வீட்டு ஃப்ளோர் டாமிலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒரு பக்கம் பாசி, ஒரு பக்கம் வெளுப்பு.

ஸ்பார்க்கிள் மேலுறை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டிரம்மின் மர உடலான ஷெல்லின்மேல் ஒட்டியிருக்கும் அந்தத் தாளின் அடியில் ஒரு பின்தாள். அதன்மேல் பொடிப்பொடியாக அலுமினியத் துகள்கள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். நீல நிறம் அந்தத் துகள்களின் பூச்சிலோ, துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்கில் கலந்த சாயத்திலோ இருக்கும். அலுமினியம் வெளுக்காது, சாயம்தான் வெளுக்கும். ஆகவே சாயம் போன இடத்தில் அடியிலுள்ள உலோகம் தன் சொந்த நிறத்தைக் காட்டும். மேல் பிளாஸ்டிக் மஞ்சளான இடத்திலோ சாயம் இன்னும் பத்திரமாகவே இருக்கலாம். நாம்தான் அதை மஞ்சள் வழியாகப் பார்க்கிறோம். நீலத் தாளின்மேல் மஞ்சள் கண்ணாடித்தாளைப் போட்டால் பச்சை தெரியுமே, அதேதான். உங்கள் டிரம்மில் பச்சை என்று ஒரு சாயமே கிடையாது.

இதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேலுறைக்குச் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னும்படி பாருங்கள். ஸ்னேரில் துகள்கள் நீலமாக மின்னும். பேஸ் டிரம்மின் பாசிப் பகுதியில் மின்னல் பொன்னிறம் கலந்து வரும்; துகளுக்கு நடுவிலுள்ள ஆழமான இடங்களில் மட்டும் நீலம் தங்கியிருக்கும். ஃப்ளோர் டாமின் வெளுத்த பக்கத்தில் வெறும் வெள்ளித் துகள்கள், அவற்றுக்கு மேல் லேசான தேநீர்ச் சாயல். அந்தப் பக்கத்தில் இரண்டு சேதமும் நடந்து முடிந்துவிட்டன என்று அர்த்தம். பெரும்பாலும் அதுதான் ஜன்னலைப் பார்த்து நின்ற பக்கமாக இருக்கும்.

லக்கைக் கழற்றிப் பார்த்தது நல்ல காரியம். அதன் அடியில் தெரிகிற நீலத்தின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று கவனித்தீர்களா? ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் வெளிச்சம்தான் குற்றவாளி. லக் நிழலாக நின்று காத்த இடம் அது. நீலம் ஓரத்தில் மங்கலாகக் கரைந்து பச்சைக்குப் போனால், காற்றும் சூடும் புகையும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. அப்புறம், ஆர்வத்தில் கம்பெனிப் பெயர் பொறித்த பேட்ஜைக் கழற்றிவிடாதீர்கள். காற்றுத்துளையில் மடித்து அடித்த வளையம்தான் பேட்ஜைப் பிடித்து நிற்கிறது. ஒருமுறை நெம்பினால் அது பழையபடி உட்காராது, பேட்ஜும் வளையும். அடி நிறம் பார்க்க லக்கும், டாமைத் தாங்கும் டாம் மவுன்ட்டும் போதும். அல்லது தோலை அழுத்திப் பிடிக்கும் வளையமான ஹூப்பைக் கழற்றினால் தெரியும் விளிம்புப் பட்டையும், மேலுறையின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தையலோரமும் இருக்கின்றன.

சரி, பிளாஸ்டிக் ஏன் பழுக்கிறது? அந்தக் காலத்து பேர்ல் (முத்துப் போலப் பளபளப்பது), ஸ்பார்க்கிள் மேலுறைகளில் பெரும்பங்கு செல்லுலோஸ் நைட்ரேட், அதாவது செல்லுலாய்டு. பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸை அமிலத்தில் நைட்ரேட்டாக்கி, கற்பூரம் சேர்த்துப் பதமாக்கிய பொருள். 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹையட் சகோதரர்கள் இதைத் தொழிலாக்கினார்கள். மறைவான ஒரு விளிம்பைத் துணியால் விறுவிறுவென்று தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம். வினிகர் நெடி வந்தால் அது செல்லுலோஸ் அசிடேட். அதுவும் பழையதுதான், அதற்கு வேறு வியாதி. சின்னத் துண்டை எரித்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். நைட்ரேட் குப்பென்று பற்றும், கையோடு போகும். செய்யாதீர்கள்.

நைட்ரேட் இயல்பிலேயே நிலையில்லாத பொருள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் மீதி பிளாஸ்டிக்கை இன்னும் வேகமாகச் சிதைக்கும். புற ஊதாக் கதிர் இந்தச் சங்கிலியைத் தொடங்கியும் வைக்கும், தொடர்ந்து தூண்டியும் விடும். சூடும் ஈரமும் அதற்குத் துணை. சிதைவில் பிறக்கும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகின்றன. இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சமே படாமல் இருந்தாலும் இது மெதுவாக நடக்கும். பெட்டிக்குள் இருந்த உங்கள் ஸ்னேர்கூட அறுபது வருஷத்துக்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்த நீலம் அல்ல. அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஜன்னலில் கண்ணாடி இருந்ததே" என்று பலர் கேட்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 320 நானோமீட்டருக்குக் கீழான கதிர்களைத்தான் நன்றாகத் தடுக்கிறது. அதற்கு மேல் 400 வரையுள்ள புற ஊதாவில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் முழுசாக வரும். சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே வெளுக்கக் கூடியவை. ஆகவே புற ஊதாவைத் தடுக்கும் படலத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. மஞ்சளாவது குறையும், வெளுப்பு தொடரும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் அளவு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வெளிச்சத்தின் சேதம் பெரும்பாலும் மொத்த அளவைப் பொறுத்தது; கொஞ்சமாக நிறைய நேரம் பட்டாலும், நிறையக் கொஞ்ச நேரம் பட்டாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஒரு மணி நேர நேரடி வெயில் என்பது 50 லக்ஸில் 2,000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் திறந்திருக்கும் காட்சிக்கூடத்தில் அது 250 நாள். வெயிலில் புற ஊதாவும் சூடும் சேர்ந்து வருவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. இன்னொன்று, நிலையில்லாத சாயங்கள் தொடக்கத்தில்தான் வேகமாக வெளுக்கும், போகப்போக வேகம் குறையும். ஸ்னேரை ஜன்னலோரம் வைத்தால் முதல் சில மாதங்களில் அது இழப்பதுதான் அதிகமாக இருக்கும். உங்கள் மாமாவின் மற்ற டிரம்கள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டன.

பச்சையான நீலத்தைப் பார்த்து நீங்கள் திகைத்தது போலவே மற்ற நிறங்களிலும் நடக்கிறது. வெள்ளை மரைன் பேர்ல் வெண்ணெய் நிறத்துக்கும், அதையும் தாண்டி அம்பருக்கும் போகும். சில்வர் ஸ்பார்க்கிள் மஞ்சளாகி ஷாம்பெயின் ஸ்பார்க்கிள் போலத் தோன்றும். இதனாலேயே விற்பனைக்கு வரும் "ஷாம்பெயின்"களில் சில, லக்கைக் கழற்றினால் வெள்ளியாக இருக்கும். ஸ்கை ப்ளூ பேர்ல் பச்சைக்குப் போவது உங்களுடையதற்கு நேர் உடன்பிறப்பு. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963இல் வாங்கிய லட்விக்கின் ஆயிஸ்டர் பிளாக் பேர்ல் உலகப் புகழ் பெற்ற நிறம். அந்த வகையில் கறுப்பு அசையாது; நடுவே ஓடும் வெள்ளைச் சுழிகள்தான் பழுப்பேறும். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதாவில் மஞ்சளைவிட வெளுப்புதான் பெரிய தொல்லை. அந்தச் சாயங்கள் பொதுவாக முதலில் ஓடிப்போகும். கிதார் உலகத்திலும் இதே கதைதான். 1958 முதல் 1960 வரையிலான கிப்சன் லெஸ் பால்களில் ஓரத்துச் சிவப்பு வெளுத்து, சில கிதார்கள் முழுக்க எலுமிச்சை நிறமாகிவிட்டன. ஃபெண்டரின் லேக் ப்ளாசிட் ப்ளூ, மேல் லாக்கர் மஞ்சளாகிப் பச்சையாகத் தெரிகிறது. கிதார்க்காரர்கள் இதை அழகு என்று கொண்டாடுகிறார்கள். டிரம்காரர்கள் மட்டும் ஏனோ குறை என்று வருத்தப்படுகிறோம்.

லாக்கர், அதாவது வார்னிஷ் போன்ற பூச்சு, பூசிய டிரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மேலுறை கிடையாது; நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் நேராக மரத்தின்மேல் இருக்கும். அது மஞ்சளாவதோடு, அடியிலுள்ள மரமும் வெளிச்சத்தில் நிறம் மாறும். மேப்பிள் கருத்து மஞ்சளேறும், வால்நட் வெளுக்கும். சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டால் லாக்கரில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவற்றை மறைக்க எண்ணெய் தடவினால் வெடிப்புக்குள் புகுந்து கோடு இன்னும் கறுப்பாகத் தெரியும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வெளுத்த சாயம் திரும்பாது. மூலக்கூறே உடைந்துவிட்டது, தடவி, ஊற வைத்து, பாலிஷ் போட்டுக் கொண்டுவர அங்கே ஒன்றும் இல்லை. ஃப்ளோர் டாமின் வெளுத்த பக்கத்தைப் பற்றி நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மஞ்சள் விஷயத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. முதலில் அது எந்த அளவுக்கு மேல் அழுக்கு என்று பார்க்க வேண்டும். மாமா வாசித்த இடங்களில் சிகரெட் புகை இருந்திருந்தால், தார் ஒரு மெல்லிய படலமாக எல்லாவற்றின்மேலும் படிந்திருக்கும். பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒரு லக்கின் ஓரத்தில் சின்ன வட்டமாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். பஞ்சு தேன் நிறமாக வந்தால் மகிழுங்கள். அந்த அளவு மஞ்சள் துடைத்தே போய்விடும். சாம்பல் நிறமாக வந்தால் அது வெறும் தூசி. பஞ்சு வெள்ளையாகவே வந்தால் மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது.

துடைப்பதற்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான மைக்ரோஃபைபர் துணி. துணி ஈரமாக இருக்க வேண்டுமே தவிர சொட்டக் கூடாது. தையலோரத்திலும் விளிம்பிலும் தண்ணீர் இறங்கினால் பசை விடும், ஷெல்லின் ஒட்டுப்பலகை அடுக்குகள் வாய்பிளக்கும். உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் மூன்றும் செல்லுலாய்டைக் கரைத்துவிடும். அந்த டப்பாக்களை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஸ்பிரிட்டும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும்கூட வேண்டாம்.

அதற்கு மேலும் போக ஆசைப்பட்டால் பிளாஸ்டிக்குக்கான மெல்லிய பாலிஷ் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இது பலன் தரும். புற ஊதா பிளாஸ்டிக்கின் மேல்பரப்பிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், அதிக மஞ்சள் மேல் அடுக்கில்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் அரைத்தெடுத்தால் நிறம் தெளியும். வெள்ளை பேர்ல் டிரம்களை நீர் விட்டு நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, அப்புறம் பஃப் அடித்து, ஆச்சரியப்படும் அளவுக்கு வெள்ளையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாடிக்கையாளரின் அசல் மேலுறையில் அதைச் செய்வதில்லை. தெளிவான அடுக்கு மெல்லியது. எங்கே தீர்ந்து துகள் வெளியே வரும் என்று முன்கூட்டியே தெரியாது. பஃப் சக்கரத்தின் சூட்டில் செல்லுலாய்டு இளகும், அதன் தூசியோ எளிதில் தீப்பற்றும். எடுத்த அடுக்கைத் திரும்ப வைக்கவும் முடியாது. புதிதாக வெளிவந்த பரப்பு மறுபடி மஞ்சளாகத் தொடங்கும். நீங்கள் கையால், மெதுவான அழுத்தத்தில், ஒரே ஒரு முறை பாலிஷ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் முதலில் ஃப்ளோர் டாமின் பின்பக்கத்தில், உள்ளங்கை அளவு இடத்தில் செய்து பார்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெராக்சைடு வீடியோவுக்கு வருவோம். அந்த வித்தை 1980களின் கணினிப் பெட்டிகளுக்காக வந்தது. அவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் ஏறிய மஞ்சளைப் பெராக்சைடும் புற ஊதாவும் சேர்ந்து வெளுக்கச் செய்யும் என்பது உண்மைதான். பல பெட்டிகள் சில வருஷத்தில் மறுபடி மஞ்சளாகிவிடுகின்றன என்பதும் உண்மை. உங்களுடையது ஏபிஎஸ் இல்லை. ஏற்கெனவே சிதைந்துகொண்டிருக்கும் நைட்ரேட்டின்மேல் ஓர் ஆக்சிஜனேற்றியை ஊற்றி, அதை வெயிலின் சூட்டிலும் வைப்பது எந்த நோயால் டிரம் அவதிப்படுகிறதோ அதையே இன்னொரு வேளை கொடுப்பது. நீலச் சாயத்தையும் அது விடாது. ஒட்டுப்பலகை ஷெல் ஈரமாவது தனிக்கதை.

சிலர் "புது மேலுறை போட்டுவிடுங்கள்" என்பார்கள். ப்ளூ ஸ்பார்க்கிள் இன்றும் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர் செய்தால் செட் புதிது போல் நிற்கும். ஆனால் 1960களின் லட்விக்குக்கு அசல் மேலுறை என்பது ஷெல் அளவுக்கே முக்கியம். பச்சையான அசலுக்கு இருக்கும் மதிப்பு பளபளக்கும் புதியதற்குக் கிடையாது. சேகரிப்பவரிடம் மட்டுமல்ல, என் கண்ணுக்கும்தான். மேலுறை ஏற்கெனவே உடைந்தோ, சுருங்கித் தையல் விட்டோ, உதிர்ந்தோ போயிருந்தால் யோசிக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. என்றைக்காவது அந்த நிலை வந்தால், பழையதைக் கழற்ற ஹீட் கன்னோடு யாராவது வந்து நின்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் காற்று பல நூறு டிகிரி. செல்லுலோஸ் நைட்ரேட் 200 டிகிரிக்குக் கீழேயே தானாகப் பற்றிக்கொள்ளும்.

இருப்பதைக் காப்பதில்தான் நீங்கள் நேரம் செலவிட வேண்டும். செட்டை ஜன்னலிலிருந்து தள்ளி, நேரடி வெயில் எந்த நேரத்திலும் விழாத சுவரோரம் வையுங்கள். வெயில் காலத்துக்குக் காலம் இடம் மாறி விழும் என்பதை மறக்க வேண்டாம். இன்றைக்கு நிழலாக இருக்கும் மூலை இன்னும் ஆறு மாதத்தில் மாலை வெயிலில் குளிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி செய்தித்தாள். ஒரு பட்டை வெட்டி, பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, டிரம்மின் பக்கத்தில் வையுங்கள். சில வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நிறத்தில் கோடு விழுந்திருந்தால் அந்த இடம் லாயக்கில்லை. காட்சிக்கூடங்களில் இதே வேலைக்கு எட்டு நிலைகளில் வெளுக்கும் நீலக் கம்பளித் துணுக்குகள் ஒட்டிய அட்டை வைப்பார்கள். வீட்டுக்குச் செய்தித்தாள் போதும்.

வாசிக்காத நேரத்தில் இறுக்கமாக நெய்த பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். முன்னே சொன்னேன் அல்லவா, நைட்ரேட் விடும் வாயு வெளியே போக வழி வேண்டும். ஸ்னேர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இத்தனை வருஷம் இருட்டில் இருந்தது அதற்கு நல்லதுதான், ஆனால் மூடிய பெட்டியில் அந்த வாயு தங்கிவிடும். ஸ்னேரின் லக், ஹூப், திருகுகளில் பச்சை அரிப்போ, கிரோமில் கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலுறை ஓரத்தில் பிசுபிசுப்போ, உட்புறத்திலிருந்து பரவும் பழுப்புத் திட்டோ, மூக்கைக் குத்தும் அமில நெடியோ இருந்தால் சிதைவு வேகம் பிடித்துவிட்டது. அதை மற்ற டிரம்களிலிருந்து தனியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில், தீயிலிருந்து தள்ளி வைத்துவிட்டு இந்த வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திறந்து அவ்வப்போது காற்றாட விடுங்கள், போதும். உள்ளே நுரை ரப்பர் இருந்தால் எடுத்துவிட்டுப் பருத்தித் துணி போடுங்கள். பழைய நுரை பொடிந்து ஒட்டிக்கொள்ளும்.

சூட்டையும் கவனியுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் வைத்தாலே போதும், கற்பூரம் ஆவியாகி மேலுறை சுருங்கத் தொடங்கும், தையல் வாய் திறக்கும். நிறம் போவதற்கு வருஷங்கள் ஆகும். தையல் விட அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

அறை விளக்குக்கு எல்இடி நல்லது. புற ஊதா மிகக் குறைவு. மேடை விளக்கில் சில மணி நேரம் வாசிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தாராளமாக வாசியுங்கள். இன்னும் ஒன்று, நீலம் கலந்த மேடை வெளிச்சத்தில் உங்கள் பாசி நிறம் நீலத்துக்கு மிகக் கிட்டத்தில் தெரியும். மஞ்சள் வெளிச்சத்தில்தான் அப்பட்டமாகப் பச்சையடிக்கும். ஃப்ளோர் டாமைத் திருப்பி, வெளுத்த பக்கம் வாசிப்பவரைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஸ்னேர் எப்படியும் பேஸ் டிரம்முக்குப் பின்னால் பாதி மறைந்துவிடும். பார்வையாளர் வரிசையிலிருந்து நான்கும் ஒரே செட்டாகத்தான் தெரியும்.

கழற்றிய லக்கைத் திரும்பப் பூட்டுவதற்கு முன், அந்த நீலத் தடத்தையும் பக்கத்துப் பச்சையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நேரடி வெயிலிலோ ஃபிளாஷிலோ வேண்டாம்; நிழலான பகல் வெளிச்சத்தில், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுங்கள். காப்பீட்டுக்கோ, பின்னாளில் விற்கவோ நேர்ந்தால் இது ப்ளூ ஸ்பார்க்கிள்தான் என்பதற்கு அந்தப் படமே ஆதாரம். தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு, ஓரிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தை அதே மாதிரி எடுத்து ஒப்பிட்டால், புது இடத்தில் நிறம் நிற்கிறதா, இன்னும் ஓடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். லக்கைப் பூட்டும்போது திருகை விரலால் முறுக்கி, கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் கருவியைப் பிடியுங்கள். பழைய செல்லுலாய்டு அழுத்தத்தில் திருகுத் துளையிலிருந்துதான் விரிசல் விடும்.